சந்தனம் வைத்த கார்டு

அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு நூற்பாலையில், நூலைச் சோதிக்கும் அறையில் எனக்கு வேலை. பந்தல்குடியிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். நூல் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று மெஷின் பார்க்கும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு கார்டு அதை வாங்கித் திரையில் கோடாக வரைந்து காட்டும். அந்த அறையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம், பஞ்சுத் தூசி எனக்கு ஆகாது. நூல் நூற்கும் ஷெட்டுக்குள் கொஞ்ச நேரம் நின்றாலே இழுப்பு வந்துவிடும்.

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர் உட்பட எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தார்கள். நான் போகவில்லை. புருஷன் செத்தவள் விளக்குப் பக்கம் வரக்கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "நீங்க லீவு எடுத்துக்கங்க" என்பார்கள். அவ்வளவு நாகரிகம்!

மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டால், கார்டே இல்லை என்றது. அணைத்துப் போட்டேன். சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன். இல்லையென்றால் இல்லைதான். மேனேஜர் பின்னால் வந்து நின்றார்.

"விஜயதசமியும் அதுவுமா மொத ஆளா நீ போயி சுவிச்சத் தொட்டா வேற என்ன ஆகும்? சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா ஷெட்டுக்குப் போயிரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டை நிறுத்தி, பெட்டியைத் திறந்து கார்டை உருவினேன். உள்ளே செருகும் விளிம்பில், தங்கநிறப் பற்களின் மேல் அப்பிய சந்தனம், நடுவில் குங்குமம். காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பூஜையில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பவர் மேனேஜர்தான்.

"பாருங்க சார், இதான்," என்று நீட்டினேன்.

"சாமிக்கு வச்ச சந்தனத்தால எதுவும் கெடாது. உன் கை பட்டதுதான்."

அவர் எதிரிலேயே ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்துச் செருகினேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் கார்டு வந்துவிட்டது. நூலை ஓட்டினேன், கோடு ஓடியது. மேனேஜர் தலையாட்டிவிட்டு, பக்கத்து அறையிலிருந்து புதிதாகக் கல்யாணமான பெண்ணைக் கூப்பிட்டார்.

"இனிமே இதுல நீ உக்காரும்மா."

"அதான் சரியாயிருச்சே சார்?" என்றேன்.

"சரியானப்புறம் எதுக்கு ரிஸ்க்கு? நீ ஷெட்டுக்குப் போ. பாஸ்வேர்டச் சொல்லிட்டுப் போ."

எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஆள் முகத்தில் காறித் துப்பத்தான் வந்தது. என் நாற்காலியில் உட்கார்ந்தவள், "சொல்லுங்கக்கா" என்றாள்.

பாஸ்வேர்டு என் புருஷன் பேர். அவர் இருந்தவரை ஒருநாளும் நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கிலீஷில் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. கை அப்படியே நின்றது.

"மொதல்ல அத மாத்தும்மா," என்றார் மேனேஜர்.