ரெண்டு சிம் ஓட்டையும் ஒரு பெட்டி சீனா போனும்

போன் கடையில நிக்கவனுக்கு பாஸ்போர்ட்டே வேண்டாம் பாத்துக்கிடுங்க. அமெரிக்கா, ஜப்பான், சவுதி எல்லாம் தானா கடைக்கு வந்து ஏசிட்டுப் போவும்.

நான் குளச்சல்ல காதர் காக்கா கடையில நிக்கேன். காலேஜுல பாதியில எறங்கி, வெல்டிங் பட்டறை, ஜூஸ் கடை எல்லாத்துலயும் கால் நனச்சுட்டு இஞ்ச வந்தவன். காக்கா சீனாவுக்குப் போயி ஆசைப்பட்டு ஒரு பெட்டி போன் எடுத்துட்டு வந்தாரு. கம்பெனி பேரு அவருக்கே வாயில வராது. மணி அடிச்சா மட்டும் கோயில் மைக் செட்டு தோத்துப்போவும். ஒருத்தனும் வாங்கல்ல. "மண்டைக்காட்டு அம்மன் கொடைக்கு முன்ன பெட்டி காலியாவணும். இல்லன்னா நீ காலி"ன்னுட்டாரு. இந்த வேலையும் போச்சுன்னா குவைத்துல மாமா கிட்ட பார்சல்னு அப்பா வேற சொல்லி வச்சிருக்காரு. கவுண்டருக்குப் பின்னால நின்னு கால் வீங்கின என் சொந்தங்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

ஊக்குக் குத்து

பூதப்பாண்டியில இருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு வந்தாரு. மக அமெரிக்காவுல இருந்து அனுப்பின புதுப் போன். சிம் போட ஓட்டையக் காணல்லன்னு ஊக்கால சுத்திச் சுத்திக் குத்தியிருக்காரு. "சார், அங்க விக்க இந்த மாடல்ல சிம் ஓட்டையே கெடையாது. கம்பெனிக்காரன் நம்பர உள்ள ஏத்தி விடுவான்"னேன். "அப்போ நான் குத்தின ஓட்டை?" "அது மைக்கு சார்."

பைய நம்ம சீனா போன நீட்டினேன். "இதுல ரெண்டு ஓட்டை இருக்கு சார்!" தடவிப் பாத்தாரு. ஆசை இருந்துச்சு. ஆனா மக வீடியோல வந்தா மானக்கேடாம். "வீடியோல உங்க மூஞ்சிதான சார் தெரியும், போன் எப்படித் தெரியும்?"ன்னு கேட்டேன்.

"மூஞ்சியிலயே தெரியும்வே, சீனா போன்னு!"

ஜப்பான் டிக்

என்கூடப் படிச்ச சுரேஷுக்கு அண்ணன் ஜப்பான்ல இருந்து ஒரு போன் கொண்டாந்து குடுத்தான். அங்க விக்க போன்ல போட்டோ எடுத்தா சத்தம் கேட்டே தீரும். ஒளிச்சு எடுக்கப்படாதுன்னு அப்படியே செஞ்சு விடுதானுவ. இது தெரியாம இவன் பொண்ணு பாக்கப் போன வீட்டுல, வர முடியாத சித்திக்குக் காட்டணும்னு காப்பி டம்ளருக்குப் பின்னால வச்சு அமுக்கியிருக்கான். டிக்! வாழைக்கா பஜ்ஜி தின்ன வாயெல்லாம் அப்படியே நின்னுபோச்சாம்.

"போட்டோ எடுக்கும்போ ஊமையா இருக்க போன் ஒண்ணு உண்டு மக்கா"ன்னு சீனாவ எடுத்தேன். "வேண்டாம்லே, இதுக்கு ஒரு கவர் தா. அந்தப் பிள்ள, 'ஒளிச்சு எதுக்கு, லைட்டுப் பக்கமா நிக்கேன், ஒழுங்கா எடுங்க'ன்னுட்டு. கல்யாணம் ஒறப்பாச்சு. இந்த டிக்குதாம்லே எனக்குத் தரகர்!"

வலது மூலை

ராபியாக்கா புருஷன் சவுதியில. அங்க அவரு ரூம்ல எல்லாருக்கும் கொரியா போன், அதனால இவங்களுக்கும் கொரியா போன்தான் வேணுமாம். "அக்கா, சீனாவுல இதே வசதி எல்லாம் இருக்கு"ன்னேன்.

"அவரு அங்க தன் போனப் பாத்து 'வலது மூலைய அமுக்கு'ம்பாரு தம்பி. உன் சீனா போன்ல அவரு சொல்லுத வலது மூலைக்கு நான் எங்க போவ?"

வள்ளத்துல மணி

கொடைக்கு நாள் நெருங்கிட்டு. அப்பா என் பாஸ்போர்ட்டத் தேட ஆரம்பிச்சாச்சு. பெட்டியில இருந்து போனது ஒரே ஒரு போன், அதும் இராஜாக்கமங்கலம் துறை மிக்கேல் அண்ணனுக்கு நான் கெஞ்சிக் குடுத்தது. அந்த மிக்கேல் அண்ணன் ஒருநாள் கடலுக்குக் கூடப் போற ஆளுவள எல்லாம் கூட்டிட்டு கடைக்குள்ள ஏறினாரு. அடி உறுதின்னு நான் ஸ்டூலுக்குப் பின்னால ஒதுங்கினேன்.

சங்கதி வேற. வள்ளத்துல எல்லாரு போனையும் உப்புத்தண்ணி படாம ஒரே டப்பாவுல போட்டு மூடி வைப்பாவளாம். இஞ்சின் சத்தத்துல டப்பாவத் தாண்டிக் கேட்டது மிக்கேல் அண்ணன் போன் மட்டும்தான். கரை கிட்ட வந்து டவர் கெடச்ச உடனே அவரு மட்டும் எடுத்துப் பேசியிருக்காரு. "மிக்கேல் எடுக்கான், நீ மட்டும் ஏன் எடுக்கல்ல?"ன்னு மத்த வீடுகள்ல ஒரே பூசை. பெட்டி அங்கயே காலி. காக்கா எனக்கு ஒரு பிரியாணி வாங்கித் தந்தாரு.

அடுத்த வாரம் மிக்கேல் அண்ணன் மட்டும் வந்தாரு. இப்ப டப்பாவுக்குள்ள எல்லாத்துக்கும் ஒரே மணி. எவன் போன்னு தெரியாம, கைக்குக் கெடச்சத எடுத்துப் பேசுதாவளாம். குவைத்து என் கண்ணுக்கு முன்னால வந்து நின்னுச்சு. "மணிய மாத்தித் தாரேன் அண்ணே, போன திருப்பித் தந்துராதீங்க"ன்னேன்.

"மாத்தாண்டாம்லே, யாரு பொண்டாட்டி கூப்பிட்டாலும் ஏச்சு ஒண்ணுதான்."

ஆக, எந்த நாட்டுல எந்த போன் ஓடும்னு என்னைக் கேட்டா, அமெரிக்காவுல உள்ள மக சொல்லுறது ஓடும், சவுதியில உள்ள மாப்பிள்ள சொல்லுறது ஓடும், துறையில பொண்டாட்டி சொல்லுறது ஓடும், கடைக்காரன் சொல்லுறது குவைத்துக்குப் போனாலும் ஓடாது.