அக்காவுக்கு ஏன் முடி முளைத்தது

அக்கா மறைந்து இன்று பதினாறாம் நாள். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் பெண்களில் பாதிப் பேராவது அவர் கலக்கிக் கொடுத்த தண்ணீரில் தலை அலசியவர்களாக இருப்பீர்கள். அவருடைய தம்பியாகிய நான் அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா பிறந்தது எறையூரில். அப்பா கரும்பு வெட்டப் போனவர். மூத்த பெண் என்பதால் அக்காவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. நான் படித்ததில் அவருடைய கூலியும் இருக்கிறது. ரெட்டிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டார். மாமா நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட, கைக்குழந்தையோடு நின்ற அக்கா கிரைண்டர் வாங்கிப் போட்டு இட்லி மாவு அரைத்து விற்றார். யார் வாசலிலும் போய் நிற்கவில்லை.

மாவுக்கு அரிசி கழுவிய தண்ணீர் தினமும் குடம் குடமாக மிஞ்சும். அதில் கொஞ்சம் எடுத்து ஒரு நாள் மூடி வைப்பார். ஊறிய வெந்தயத்தையும் செம்பருத்தி இலையையும் அரைத்து அதில் கரைத்து, துணியில் வடிகட்டுவார். ஊர் வழியே ஓடும் லாரிகளின் புழுதியில் சிக்குப் பிடித்த தலைக்கு அது இதமாக இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் தெருப் பெண்கள் சொம்போடு வந்துவிடுவார்கள். முன்வழுக்கை விழுந்த பக்கத்து வீட்டு அண்ணன்கூட ஒருமுறை கூச்சத்தோடு வந்து நின்றார்.

"அண்ணே, இது இருக்கிற முடிக்குத்தான். போனதக் கூப்ட்டா வராதுங்க. வேணும்னா குளுகுளுன்னு இருக்கும், ஊத்திக்கிட்டுப் போங்க" என்று அக்கா சிரித்தார். இல்லாததை இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வராது.

பிறகு புற்றுநோய் வந்தது. திருச்சிக்கு பஸ்ஸில் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். ஊசி போட ஆரம்பித்ததும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மாவு அரைத்தார். பிறகு அதற்கும் தெம்பில்லை. கடைசியில் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, இனி ஊசி போட்டும் பயனில்லை, வலிக்கு மட்டும் மாத்திரை தருகிறேன் என்றார். ஊசியை நிறுத்துவதால் முடி திரும்ப வரும் என்றும் சொன்னார். அந்த நேரத்தில் முடியை யார் கேட்டார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பஸ்ஸில் அக்கா, "அம்மாகிட்ட சொல்லிடாத தம்பி. அது தாங்காது" என்றார்.

டாக்டர் சொன்னபடி முடி வந்தது. அம்மா பூரித்துப் போனார். அக்காவின் தண்ணீரை அம்மாவே பக்குவம் பார்த்துச் செய்து மகள் தலையில் தடவினார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "வெந்தயத் தண்ணிதான். முடி வந்துருச்சு, இனிமே ஒடம்பும் தேறிடும்" என்றார். வந்தவர்களும் ஆமாம் போட்டார்கள். அக்கா கண்ணை மூடித் தலையைக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் எங்கள் சித்தி மகள் வந்தார். அவருக்கும் இதே நோய். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பாதி ஊசி முடிந்திருந்தது. அக்காவின் முடியைத் தொட்டுப் பார்த்து, "எனக்கும் அந்தத் தண்ணி எப்புடின்னு சொல்லுக்கா. இனிமே நான் ஊசிக்குப் போவல. போட்டா செத்துப் பொழைக்கிற மாதிரி இருக்கு. எனக்கு இதே போதும்" என்றார்.

"நான் சொல்றேன் பாப்பா" என்று அம்மா கிண்ணத்தோடு சந்தோஷமாக வந்தார்.

அக்கா அம்மாவைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"தண்ணியால வரல பாப்பா. எனக்கு ஊசிய நிறுத்திட்டாங்க. போட்டும் பிரயோசனமில்லன்னு நிறுத்திட்டாங்க. அதனாலதான் முடி வருது. ஒனக்கு இன்னும் போடுறாங்கன்னா, கேக்கும்னுதான் போடுறாங்க. நீ விட்டுடாத."

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "என்னடி சொல்ற?"

"ஆமாம்மா" என்றார் அக்கா.

அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. மறுநாள் காலையில் அம்மா வழக்கம்போல மகள் தலையைத் தடவினார். அதன்பிறகு அக்கா அதிக நாள் இருக்கவில்லை.

கடைசியாக அக்காவைக் குளிப்பாட்டும்போது தலையில் எண்ணெய் சீயக்காய் வைத்த உறவுக்காரப் பெண்களே, "முடி இவ்வளவு வந்துருக்கே, தேறிட்டுத்தான இருந்துச்சு, எப்புடிப் போச்சு?" என்று கேட்டீர்கள். மேலே எழுதியிருப்பதுதான் பதில்.

கேட்டபோதெல்லாம் வண்டி எடுத்து வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த தெருக்காரர்களுக்கும், அக்கா மகளைத் தம் பிள்ளையாகப் பார்த்துக்கொள்ளும் மாமா வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சித்தி மகளுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அடுத்த ஊசிக்கு அவர் திருச்சி பஸ் ஏறினார். அதற்கடுத்ததற்கும் போனார். இன்னும் போய்க்கொண்டிருக்கிறார். இன்று பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்காருவார். பரிதாபப்பட்டு எந்தத் தண்ணீரையும் அவருக்குச் சொல்லாதீர்கள். அவர் தலையில் இன்னும் ஒரு முடிகூட முளைக்கவில்லை. அதைப் பார்த்து நிம்மதியடைய அக்காதான் இல்லை.