அடைக்கல இல்லத்துக்கு ஒரு வரைபடம்

வீட்டில் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடக்கலையில் மேற்படிப்பு, கடைசி வருடம். அந்த வருடம் முழுக்க ஒரே வேலைதான்: ஒரு கட்டடத்தைத் தானே யோசித்து, இடம் பார்த்து, வரைந்து, மாடல் செய்து, வெளியிலிருந்து வரும் நடுவர்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். கூடப் படித்தவர்கள் விமான நிலையம், அருங்காட்சியகம் என்று வானத்தை வில்லாக வளைத்துக்கொண்டிருந்தார்கள். இவன், வீட்டை விட்டு வெளியேறும் பெண்கள் பிள்ளைகளோடு கொஞ்ச காலம் தங்கும் இல்லத்தை எடுத்துக்கொண்டான்.

"ஏன் இது?" என்று கேட்டார் அவனுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை.

"தேவை இருக்கு மேடம்."

"தேவை எல்லாத்துக்கும்தான் இருக்கு. உனக்கு ஏன்?"

அக்காவைப் பற்றிச் சொல்லச் சின்னவனுக்கு வாய் வரவில்லை.

அக்கா, கணவனிடம் அடி வாங்கி, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "பேசித் தீர்த்துக்கோம்மா, எல்லா வீட்லயும் நடக்கறதுதான்" என்று சொல்லி அனுப்பினார். அவள் கணவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய இல்லத்துக்குப் போய்விட்டாள். அம்மா அழுது, சாப்பிடாமல் அடம்பிடித்து, சில வாரம் கழித்து அவளைக் கூட்டிவந்தாள். அதிலிருந்து சின்னவனின் அறை அக்காவுக்கும் பாப்பாவுக்கும். அவன் படுக்கை கூடத்துக்கு வந்தது.

தலைப்பு ஒப்புதல் ஆனதும், அப்படிப்பட்ட இல்லங்களை நேரில் பார்க்கக் கிளம்பினான். போன இரண்டு இடத்திலும் அலுவலக அறையோடு மறித்துவிட்டார்கள். "ஆம்பளைங்க இதுக்கு மேல வரக்கூடாது தம்பி." நியாயம்தான். ஆனால் உள்ளே பார்க்காமல் எதை வரைவது? வேறு வழியில்லாமல், பாப்பாவின் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் போய் நின்றான்.

"அக்கா, அந்த இடம் எப்படி இருந்துச்சு?"

"ஏன், நீயும் போய் இருக்கப் போறியா?"

அன்று அவ்வளவுதான். மறுநாள் அவளாகவே ஆரம்பித்தாள். அறைகளுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. யாராவது ஏதாவது செய்துகொள்வார்களோ என்ற பயமாம். அதனால் தனியாக அழ வேண்டுமென்றால் கழிவறைதான், அங்கேயும் வரிசை. ஆலோசகரிடம் பேசும் அறைக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அம்மாக்கள் சொன்னதெல்லாம் பிள்ளைகள் காதில் விழுந்தது.

"துணி காயப்போட முன்பக்கம் மட்டும்தான் இடம்," என்றாள். "பாப்பாவோட மஞ்ச ஃப்ராக்கை ரோட்லேர்ந்து பார்த்துத்தான் அவர் நாங்க இருக்கற இடத்தைக் கண்டுபிடிச்சார்."

சின்னவன் துணி காயப்போடும் இடத்தைக் கட்டடத்தின் நடுவே முற்றமாக்கினான். விளையாடும் அறையை மறுகோடிக்குத் தள்ளினான். தாழ்ப்பாளை உள்ளிருந்து போடலாம், ஆபத்து என்றால் வார்டன் வெளியிலிருந்து திறக்கலாம் என்று கதவுகளை மாற்றினான். அக்கா பென்சிலும் கையுமாக அவன் தோளுக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்தாள். "இந்தக் கதவை இப்படித் திறந்தா கட்டில் தெரியுது. திருப்பு." திருப்பினான். "பரவாயில்ல, படிச்சவன்தான்" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. வழிகாட்டிப் பேராசிரியையும் முதல்முறையாக, "இப்போதான் உள்ள ஆள் இருக்கற வீடு மாதிரி இருக்கு" என்றார்.

அப்புறம் மாடல் வேலை தொடங்கியது. அட்டை, பிளேடு, பசை, பாதி எழும்பிய சுவர்கள் என்று கூடம் முழுக்கப் பரவியது. அப்பா வேலையிலிருந்து வந்தால் கால் வைக்க இடமில்லை. அந்த நேரம் பார்த்து, அக்காவின் கணவனுடைய பெரியப்பா சமாதானம் பேச வந்தார். மாப்பிள்ளை திருந்திவிட்டாராம். இனி கை நீட்ட மாட்டாராம்.

அவர் போன பிறகு வீட்டில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "சின்னவனுக்கும் ஒரு ரூம் வேணும்ல? படிப்பு பாழாயிடும்," என்றாள் அம்மா, யார் முகத்தையும் பார்க்காமல்.

"ஒரு பிள்ளையாவது உருப்படட்டும்," என்றார் அப்பா.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் ஒரு சுவரைப் பசை காயும்வரை விரலால் பிடித்துக்கொண்டிருந்தான். கல்லூரியிலேயே மாடல் செய்யலாம், அங்கே மேசை சும்மாதான் கிடந்தது. அதைச் சொன்னால் போதும். ஆனால் கதவை மூடிக்கொண்டு நிம்மதியாக வேலை பார்க்கும் ஓர் அறையும் அவன் கண்முன் வந்தது. தலையை நிமிர்த்தவில்லை.

அந்த வாரமே அக்காவை அழைத்துப் போக கார் வந்தது. பாப்பா ஏற மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதது. அக்கா அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"ரூமை எடுத்துக்கோடா. மாடலை வெயில்ல வெச்சுடாத, வளைஞ்சிடும்."

அறை கிடைத்தது. வேலைதான் ஓடவில்லை. கட்டிலை வரைந்தால் அதில் யார் படுத்திருப்பார்கள் என்று மனம் அலைந்தது. தலைப்பை மாற்றிக்கொள்கிறேன் என்று பேராசிரியையிடம் போய் நின்றான். காரணம் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"மாத்தினா அவங்க திரும்பி வந்துடுவாங்களா?" என்றார் அவர். "முடிச்சுடுப்பா."

முடித்தான். நடுவர்களில் மூத்தவர் முற்றத்தின் மேல் விரலை வைத்து, "துணியை இங்க கொண்டுவரணும்னு எப்படித் தோணுச்சு? பிரமாதம்!" என்றார். "கேஸ் ஸ்டடி சார்," என்றான் சின்னவன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவனுக்குத்தான். அப்பா பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனார்.

சேதி சொல்லும் சாக்கில் அக்கா வீட்டுக்குப் போனான். கதவைப் பாதி திறந்து நின்றாள். இடது கையில் கட்டு.

"குக்கர் மூடி பட்டுடுச்சு," என்றாள், அவன் கேட்பதற்குள்.

"வாக்கா, போயிடலாம். எனக்கு வேலை கிடைச்சுடும். தனியா வீடு பார்க்கறேன்."

"அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்டா." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "இப்போ அவர் வர்ற நேரம். கிளம்பு."

சின்னவன் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தான். வணிக வளாகங்களின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடங்களை வரைகிறான். தனி வீடு ஒன்றும் வாடகைக்கு எடுத்தான். அதில் அக்காவுக்கென்று விட்ட அறையில் பூட்டுத் தொங்குகிறது. அக்கா, கணவன் இல்லாத நேரமாகப் பார்த்து எப்போதாவது ஃபோன் செய்வாள். பாப்பா எழுத்துக்கூட்டிப் படிக்கிறாளாம். அதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. அவனும் கேட்பதில்லை.