கடலுக்குக் கொண்டுபோன பை

மகளை அறைந்த மறுநாள்தான் கடலுக்குப் போவது என்று முடிவானது. அவளுக்கு இரண்டரை வயது. பால் கோப்பையைத் தட்டி ஊற்றியதற்கு அறைந்தேன். கன்னத்தில் என் மூன்று விரல்கள் பதிந்திருந்தன. எங்கள் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் சண்டை மறுபடி தொடங்கி, மன்னார் நகரத்தில் எங்கள் வீட்டு யன்னல்கள் அதிர்ந்துகொண்டிருந்த காலம் அது. கதவு அடிபட்டால்கூடப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவேன். ஆனால் அன்றைக்கு எனக்கு என் கையைக் கண்டுதான் பயமாக இருந்தது.

“உமக்கு ஒருநாள் நல்ல காத்துப் பட்டால் சரியாகும்” என்றார் கணவர். “இங்க கரை முழுக்க முள்கம்பி. தலைமன்னாருக்குப் போய்ப் பிள்ளையைக் கடலில கால் நனைய விட்டிட்டுப் பின்னேர பஸ்ஸில வருவம்.”

கந்தோரில் லீவும் எடுத்தார். அவருக்கு அவ்வளவுதான் வேலை. புட்டு அவித்து, மீன் பொரித்து, பிள்ளைக்கு மாற்றுடுப்பும் பெரிய துவாயும் எடுத்து வைத்தது நான்.

புறப்படும்போது கதவுக்குப் பின்னால் தொங்கிய பையையும் எடுத்துத் தோளில் போட்டேன். செல் குண்டு விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காக வைத்திருந்தது; ஓடுகிற பை என்று அதற்கு நாங்கள் பெயர் வைத்திருந்தோம். காணி உறுதி, ஞானஸ்நானப் பத்திரங்கள், என் படிப்புச் சான்றிதழ்கள், பவுடர் டப்பாவுக்குள் நகை, மெழுகுதிரி, காய்ச்சல் மருந்து. சந்தைக்கும் பூசைக்கும்கூட அது இல்லாமல் நான் போவதில்லை. நகரத்துக் காவலரண்காரருக்கே அது பழகிவிட்டது. கணவர் அதைக் கண்டார். கதவைப் பூட்டினார். அது ஏன் என்று அவர் கேட்காத கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் பேசாலைக்காரி ஒருத்தி வெறும் மீன்கடகத்துடன் இருந்தாள்.

“கடல் பாக்கவோ போறியள் தங்கச்சி? நாங்கள் நாள் முழுக்க அதோட மல்லுக்கட்டுறம். கேட்டிருந்தால் உங்கட வாசலிலயே ஒரு வாளி கொண்டுவந்து ஊத்தியிருப்பனே!”

பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை. பேசாலை வந்தும் அவள் இறங்கவில்லை. தலைமன்னாரில் மகள் வீடாம்.

தலைமன்னாருக்கு முன்னால் கடற்படைக் காவலரணில் எல்லாரும் இறங்கி நடந்தோம். என் பையை ஒருவன் மேசையில் கொட்டினான். உறுதியை விரித்துப் பார்த்தான். டப்பாவைத் திறந்தான். பிறகு தமிழ் தெரிந்த இன்னொருவனைக் கூப்பிட்டான்.

“போட் எத்தனை மணிக்கு?”

“என்ன போட்?” என்றார் கணவர்.

“இந்தியா போற போட். பொய் சொல்ல வேணாம்.”

அந்தக் கரையிலிருந்துதான் சனம் வள்ளமேறி ராமேஸ்வரத்துக்குத் தப்பிப் போனது. இப்படி ஒரு பையோடும் பிள்ளையோடும்தான் போனது. அது எனக்குத் தெரியாதா? பிறகும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். படித்தவள்.

“கடல் பாக்க வந்தனாங்கள் சேர்” என்றேன்.

“கடல் பாக்க காணி உறுதி எதுக்கு நோனா?”

கேள்வி நியாயமாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பஸ் எங்களை விட்டுவிட்டுப் புறப்பட்டது. “ஐயா, அதுகள் குளிக்க வந்ததுகள், விடுங்கோ!” என்று மீன்காரி யன்னலால் கத்திக்கொண்டு போனாள். எங்களைத் தகரக் கொட்டிலுக்குள் வாங்கில் இருத்தினார்கள். பனைகளுக்கு அப்பால் கடல் இரைந்தது.

“நீர் ஏன் அதைக் கொண்டுவந்தனீர்?” என்று கணவர் மெல்லக் கேட்டார்.

“நீங்கள் ஏன் வீட்டில வைச்சுக் கேக்கேல்ல?”

வெயில் ஏறியது. “கடல் எங்க அம்மா?” என்று கேட்டுக் கேட்டு மகள் அழத் தொடங்கினாள். தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி எறிந்தாள். என் கை எழும்பியது. அவள் உடனே இரண்டு கைகளாலும் கன்னங்களைப் பொத்திக்கொண்டாள்.

நான் எழுந்துபோய் அந்தக் கையால் மேசையில் அடித்தேன்.

“உறுதி எதுக்கெண்டு கேட்டீங்கள்தானே? செல் எப்ப எங்கட வீட்டில விழும் எண்டு சொல்லுங்கோ. சொன்னால் வீட்டில வைச்சிட்டு வாறன்!”

கணவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். தமிழ் தெரிந்தவன் என்னைப் பார்த்தான். கன்னத்தைப் பொத்தியபடி நின்ற பிள்ளையையும் பார்த்தான். எங்கள் பெயர்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு பத்திரங்களைத் திருப்பித் தந்தான்.

“இண்டைக்குக் கடல் இல்ல. வாற பஸ்ஸில வீட்ட போங்க.”

கொப்பியில் பெயர் போய்விட்டதே என்று அதன்பின் மாதக்கணக்காகப் பயந்தேன். வாயை மூடியிருக்கலாமோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மூடியிருந்தால் பிள்ளைதான் அடி வாங்கியிருப்பாள். பிறகு ஒருநாளும் அவளை அடிக்கவில்லை என்று எழுத எனக்கு விருப்பம். இரண்டு முறை அடித்தேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் உடுப்புத் தோய்க்கிற பேசினில் தண்ணீர் நிரப்பி, ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டு, அவளைத் தூக்கி அதற்குள் நிறுத்தினேன். அவள் விரலை நனைத்து நக்கிப் பார்த்தாள்.

“இதுதானோ கடல்?”

“ஓம்” என்றேன். முள்கம்பிக்கு அப்பால் எங்கள் தீவைச் சுற்றிலும் கடல் கிடக்க, பிள்ளைக்கு அப்படிப் பொய் சொன்னேன்.