ஒரே கட்டையில் நாலு ஆர்க்கிட்

அந்தக் குடியிருப்பில் அவளை எல்லோரும் ‘பல்லக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பொய்ப்பல் செய்யும் கூடத்தில் இருபத்திரண்டு வருஷ வேலை. மெழுகில் பல்வரிசை கோத்து, ஈறு வைத்து, யாரோ ஒருவர் மறுபடி வாய்விட்டுச் சிரிக்கும்படி செய்து அனுப்புவாள். சிரிப்பவர்களை அவள் பார்த்ததே இல்லை. அவளிடம் வருவது அச்சும் சீட்டும்தான். அதனாலோ என்னவோ, கண்ணெதிரே பூக்கிற ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டு ஆர்க்கிட் வாங்க ஆரம்பித்தாள்.

நாலு தொட்டி சேர்ந்தது. நாலும் நாலு ஜாதி. மூன்றாம் மாடி பால்கனியோ ஒரு ஆள் திரும்ப முடியாத அகலம். அவளோடும் கணவரோடும் வசிக்கும் நாத்தனாரின் துணிக்கொடியும் அங்கேதான்.

“தடுக்கித் தடுக்கி என் கால்விரல் பேர்ந்து போச்சு. ஒண்ணு இந்தத் தொட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!”

“அவசரப்பட்டுச் சொல்லாதக்கா, அவ யோசிக்கிறா பாரு” என்றார் பஸ் டிரைவரான கணவர். கோபமாக இருந்த நாத்தனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பல்லக்கா நிஜமாகவே யோசித்தாள். தரையில்தானே இடமில்லை, சுவர் சும்மாதானே கிடக்கிறது? வேலை செய்யும் கட்டடத்தின் பின்னால் வெட்டிப் போட்டிருந்த கொய்யாக் கிளையில் கை நீளத்துக்கு ஒரு துண்டை எடுத்து வந்தாள். நாலையும் அதிலேயே கட்டி மாட்டப்போவதாக நாற்றுப்பண்ணைக்காரரிடம் சொன்னபோது அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“ஒரே கட்டையில நாலு ஜாதியா? ஒண்ணுக்குப் போதுங்கிற தண்ணியில இன்னொண்ணு அழுகிடும்மா. வேண்டாத வேலை.”

“செஞ்சுதான் பாப்போமே.”

பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலால் கட்டினாள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அகல இலைக்காரியான பெலனாப்சிஸை உச்சியில் வைத்தாள். பென்சில் மாதிரி இலையுள்ளதை அடியில் வைத்தாள். இரண்டே மாதம். மேலே இருந்தது பழைய செருப்புத் தோலாய்ச் சுருங்கியது. கீழே இருந்ததன் வேர் கறுத்து, தொட்டால் கொழகொழவென்றது.

மனசு சரியில்லாமல் அன்று கூடத்தில் முன்பல் இடத்தில் கடைவாய்ப் பல்லை வைத்துவிட்டாள். “இந்த ஆள் சிரிச்சா தெருவே ஓடும்” என்றார் மேற்பார்வையாளர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் கொடியில் கிடந்த போர்வையோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

“மேல தொட்டுப் பாரு, மொறுமொறுன்னு காஞ்சிடுச்சு. கீழ்ப்பக்கம் இன்னும் சொட்டுது. எத்தனை தடவைதான் திருப்பிப் போடறது!”

பல்லக்கா போர்வையைப் பார்த்தாள். பிறகு கட்டையைத் தொட்டாள். காலையில் தண்ணீர் தெளித்த கட்டை, உச்சியில் காய்ந்து கிடந்தது. அடியில் இன்னும் ஈரம் பிசுபிசுத்தது.

“அண்ணி! நீங்க தங்கம்!” என்று நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள்.

“விடு விடு, இவளுக்கு என்ன ஆச்சு?”

அன்றைக்கே எல்லாவற்றையும் அவிழ்த்தாள். அழுகிய வேரை மெழுகு செதுக்கும் கத்தியால் நறுக்கி, வெட்டு ஆறுவதற்கு நாலு நாள் விட்டாள். பிறகு புது வரிசை. வெயிலும் வறட்சியும் தாங்கும் பென்சில் இலை உச்சிக்குப் போனது. அதற்குக் கீழே டென்ட்ரோபியம், அதற்கும் கீழே மஞ்சள் பூக்காரி ஒன்சிடியம். கைப்பிடிச் சுவரின் நிழல் விழும் அடியில், ஒரு பிடி பாசியை மெத்தையாக்கி பெலனாப்சிஸ். காலையில் உச்சியிலிருந்து தண்ணீர் விட்டால் வழிந்து வழிந்து தாகத்துக்குத் தகுந்த மாதிரி போய்ச் சேர்ந்தது.

ஏழு வாரம் கழித்து பால்கனியிலிருந்து ஒரே கூச்சல்.

“ஓடி வா! கட்டையில பச்சையா ஒரு புழு!”

“புழு இல்லண்ணி, வேர்! மரத்தைப் பிடிச்சிடுச்சு!”

அன்றிலிருந்து துணி காய்ந்ததோ இல்லையோ, நாத்தனார் நாளைக்கு நாலு தடவை போய்க் கட்டையை எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

மறுவருஷம் மூன்று ஒன்றாகப் பூத்தன. உச்சியில் வெள்ளைப் பூ, பொழுது சாய்ந்தால் வீடெல்லாம் மணக்கும். நடுவில் மஞ்சள் கொத்து. அடியில் வண்ணத்துப்பூச்சிகள் வரிசைகட்டி உட்கார்ந்த மாதிரி இளஞ்சிவப்பு. செய்தி கேள்விப்பட்டு நாற்றுப்பண்ணைக்காரர் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்து, கட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

“எப்படிம்மா?”

“இது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல தம்பி” என்று நாத்தனார் முந்திக்கொண்டார். “போர்வை காயறதைப் பாத்தாலே தெரியுமே!”

“டென்ட்ரோபியம் மட்டும் பூக்கலையே?”

“அதுக்குத் தோணும்போது பூக்கட்டும். யார் விரட்டறா?” என்றார் நாத்தனார்.

அவர் கொஞ்சம் தயங்கினார். “என் கடை வாசலுக்கு ஒண்ணு கட்டித் தருவீங்களா?”

பல்லக்கா வாயைத் திறப்பதற்குள் நாத்தனார், “தர்றோம்” என்றார்.

அந்த வாரம் கணவர் வேலை முடிந்து வந்தபோது வீட்டுக் கூடம் முழுக்கக் கட்டையும் பாசியும் நூலுமாகக் கிடந்தது. நடுவில் இரண்டு பெண்களும் முழங்கால் மடக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

“சாப்பாடு?”

“அடுப்பு மேல இருக்குடா, அப்புறம் போட்டுக்கலாம்” என்றார் அக்கா. “முதல்ல விரலை இங்க வை. முடிச்சு நழுவுது.”

சீருடையைக்கூடக் கழற்றாமல் அவர் குனிந்து விரலை வைத்தார்.