மிளகு விலகின பிறகு

துவக்குக் குழலுக்குப் பூசும் எண்ணெய் மணமும் நனைந்த நாயின் மணமும்... எனக்குப் பன்னிரண்டு வயதான அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இன்றும் அதுதான் மூக்கில் ஏறும்.

தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிய, அப்பா என்னை ஏற்றிக்கொண்டு நேரே வேட்டைச் சாமான் கடைக்குப் போனார். பீலெஃபெல்டில் அந்தக் கடை சனி மத்தியானத்தோடு பூட்டிவிடும். மிளகும் கூட வந்தது. மிளகு எங்கள் நாய். குட்டைக் கால், நீள உடம்பு. காயப்பட்ட காட்டுப்பன்றியை மணம் பிடித்துத் தேடப் பழக்கியது.

அப்பா அப்போதுதான் வேட்டைப் பரீட்சையில் சித்தியடைந்திருந்தார். இங்கே ஜெர்மனியில் கைத்துவக்கால், அதாவது பிஸ்டலால், வேட்டையாட முடியாது. காயப்பட்ட மிருகத்தின் வேதனையைக் கிட்டப் போய் முடிக்க மட்டும் அனுமதி. அதற்கு எந்தத் துவக்கு, எந்தத் தோட்டா என்று பார்க்கத்தான் போனோம்.

கடைக்காரப் பெண்மணி இரண்டு தோட்டாக்களை மேசையில் வைத்தார். ஒன்று ஒன்பது மில்லிமீட்டர். மற்றது மக்னம், நீளமானது.

"பண்டி பெரிசெல்லோ பிள்ளை, தோட்டாவும் பெரிசாய் இருக்கட்டும்," என்றார் அப்பா என்னிடம்.

அப்பாவின் விரல் மக்னத்தைத் தொட்டதும் அந்தப் பெண்மணி ஜெர்மனில் நக்கலடித்தார். "உங்கள் காட்டில் யானை நிற்கிறதா?"

சட்டம் கேட்கிற பலம் இரண்டுக்கும் உண்டாம். பெரியது இருட்டில் கண்ணைக் கூச வைக்கும், கையைத் தூக்கியடிக்கும், இரண்டாவது வெடி பிந்தும். அப்பா ஒன்பதுக்கு இறங்கினார். செம்பு முழுதாக மூடிய குண்டுள்ள தோட்டாவை எடுத்தார்.

"இது நல்லா உள்ளுக்குப் போகும்."

"மற்றப் பக்கத்தாலை வெளியிலை வருமோ அப்பா?"

"வரும்."

"அங்காலை மிளகு நிண்டால்?"

அப்பா அதே கேள்வியை ஜெர்மனில் கடைக்காரப் பெண்மணியிடம் கேட்டார். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, நுனியில் குழி உள்ள இன்னொன்றைக் கொண்டுவந்தார். உடம்புக்குள் போனதும் விரிந்து வேகம் குறையுமாம்.

"இதுவும் உள்ளேயே நிற்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். நாய் விலகின பிறகுதான் சுட வேண்டும்."

காரில் வைத்து அப்பாவிடம் நான் சத்தியம் வாங்கினேன்.

"மிளகு விலகாமல் சுடமாட்டன். போதுமே, அப்புக்காத்து அம்மா?" வக்கீல் மாதிரிக் கேள்வி கேட்டால் அவருக்கு நான் அப்புக்காத்து.

இப்போது எனக்குப் பதினாறு. போர்வைக்குள் போனை மறைத்து இதை எழுதுகிறேன். அம்மா துவக்கு என்ற சொல்லையே வாயால் சொல்லமாட்டார், "அந்தச் சாமான்" என்பார். நான் முழித்திருப்பது தெரிந்தால் அவரும் நித்திரை கொள்ளமாட்டார்.

கார் அடித்த பன்றி ஒன்று பற்றைக்குள் ஓடிவிட்டதென்று இன்றிரவு பொலிஸ் கூப்பிட்டது. அப்பாவும் மிளகும் போயிருக்கிறார்கள். காயப்பட்ட பன்றி திரும்பிப் பாய ஒரு கணம் போதும். அந்தக் கணத்தில் அப்பா, மிளகு விலகட்டும் என்று நிற்பார். சொன்னால் சொன்னதுதான்.

அன்று நாயை நினைத்துப் பயந்தேன். இன்று நான் வாங்கிய சத்தியத்தை நினைத்துப் பயமாக இருக்கிறது... "அந்தச் சத்தியத்தை விடுங்கோ அப்பா" என்று எழுதி அனுப்பினேன். அவர் இன்னும் பார்க்கவில்லை.

...

கீழே கதவு திறந்தது. படியில் முதலில் மிளகின் நகச் சத்தம். பன்னிரண்டு வயதில் எனக்கு அதுவே போதுமாக இருந்தது. இப்போது, சப்பாத்துச் சத்தம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

வந்தது.

"நித்திரையே பிள்ளை?" கதவுக்கு வெளியே அப்பா.

"ஓம்," என்றேன்.