எட்டு மணிக்குள் காலியான பை

அறுவைசிகிச்சை வார்டில் எல்லாருக்கும் அவள் பையக்கா. நோயாளிகளின் வயிற்றிலிருந்து வரும் குழாய்களில் தொங்கும் பைகளைக் காலி செய்வதுதான் பதினெட்டு வருடமாக அவள் வேலை. காலை எட்டுக்குப் பெரிய டாக்டர் வரும்போது எந்தப் பையிலும் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. இருந்தால் வார்டே நடுங்கும். அவள் அளவைச் சொல்வாள், நர்ஸ் எழுதுவாள். நிறத்தை எழுத அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

பித்தப்பையில் கல் என்று அவள் தங்கைக்கே அங்கு ஆபரேஷன் நடந்தது. மறுநாள் காலை தங்கையின் பையில் பச்சையும் மஞ்சளுமாக நிறைந்திருந்தது. பித்தம் கசிகிறது. பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எட்டாக ஐந்து நிமிடம். பழகிய கை யோசிப்பதற்குள் பையைக் கவிழ்த்துவிட்டது.

“பை காலி. குழாயை எடுத்துடுங்க,” என்றார் பெரிய டாக்டர்.

“ஐயா, பித்தம் வந்துச்சுங்க. நான்தான் கொட்டினேன்.”

“எங்க, காட்டு.”

காட்ட என்ன இருக்கிறது?

“தாள்ல நூத்தம்பது மில்லின்னு இருக்கு சார்,” என்றாள் நர்ஸ்.

“அது ஆபரேஷன்ல வயித்தைக் கழுவின தண்ணி. பக்கெட்டைப் பாத்தே இவங்க நோய் சொல்றாங்கன்னா, நாம எதுக்குப்பா படிச்சோம்?”

கூட வந்த சின்ன டாக்டர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். குழாயை உருவினார்கள்.

மூன்றாம் நாள் தங்கையின் வயிறு பானையாக உப்பியது, வாயு என்றார்கள். நான்காம் நாள் காய்ச்சல் கொதித்தது. ஸ்கேனில் கல்லீரலுக்கடியில் குளமாகத் தேங்கியிருந்தது. ஊசி போட்டு உறிஞ்சினால் அதே பச்சை. மறுபடி குழாய், மறுபடி பை. பிறகு வாய்வழியே கருவியை இறக்கி, பித்தம் குடலுக்குள் ஒழுங்காக ஓடப் பித்தக்குழாயில் சின்ன பிளாஸ்டிக் குழல் வைத்தார்கள். பாதி உடம்போடு தங்கை பிழைத்தாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் கேட்டாள்: “நீதான் பாத்தியே அக்கா. அப்புறம் ஏன் கொட்டினே?”

அக்கா தங்கையின் துணிமணிகளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அடுத்த நாளிலிருந்து ரவுண்ட்ஸ் முடியும்வரை அவள் பைகளைத் தொடவில்லை. “ஐயா பாத்தப்புறம் கொட்டறேன்,” என்றாள். மூன்றே நாள். துணி துவைக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அவள் இடத்துக்கு வந்தவள் அழுக்கு விரிப்புகளைப் போட அங்கே வந்தாள்.

“ஏம்மா, மூணாம் கட்டில் பையில என்ன கலர் இருந்துச்சு?”

“கலரா? அதையெல்லாம் யாருக்கா பாக்கறா? எட்டு மணிக்குள்ள பளிச்சுனு வெச்சுட்டேன்ல!”